குழாயைத் தாங்குவது மணலே

பலாபத்வலையிலிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும் கடலைக் காணப் பல மணி நேரம் பயணம் செய்ய வேண்டும். மிளகும் கிராம்பும் கொக்கோவும் வளரும் இம்மலைச்சரிவுகளில் வாழும் மக்களுக்குக் கடலின் அடித்தரை அரிக்கப்படுவதைப் பற்றியும், அதனால் கடலடிக் குழாய்கள் சேதமடைவதைப் பற்றியும் எதற்காக ஒரு கட்டுரை என்று வாசகர்கள் கேட்கக்கூடும்.

கேள்வி நியாயமானதே. ஆனால் எமது கிராமங்களிலும் தோட்டங்களிலும் மழைக்காலம் முடிந்ததும் நாம் காணும் காட்சி ஒன்று உண்டு. மேலே ஊற்றிலிருந்து வரும் தண்ணீர்க் குழாய், ஓடையைக் கடக்கும் இடத்தில் உடைந்து கிடக்கும். லயன் வாசலில் உள்ள பீலியில் தண்ணீர் வராது. பெண்களும் பிள்ளைகளும் குடத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளத்துக்கு இறங்குவார்கள். சங்கம் கூடும், வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் சேர்க்கும், புதிய குழாய் வாங்கி அதே இடத்தில் பதிக்கும். அடுத்த பெருமழைக்கு அதுவும் போய்விடும். "குழாய் தரமில்லை" என்று எல்லோரும் கடைக்காரரைக் குறை சொல்வார்கள்.

உண்மையில் பல வேளைகளில் குறை குழாயில் இல்லை. குழாய்க்குக் கீழே இருந்த தரை போய்விட்டது. நாம் குழாயை மாற்றுகிறோம்; தரையைப் பார்ப்பதில்லை. இதே விடயத்தைக் கடலில் பெரும் பணம் செலவழித்து ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டறிந்ததில் எமக்குப் பயன்படும் பாடங்கள் பல உள்ளன. அதுமட்டுமன்று, அங்கே இல்லாமற் போகும் மணலுக்கும் இங்கே எமது ஆறுகளில் அள்ளப்படும் மணலுக்கும் நேரடியான உறவும் உண்டு.

கடலடியில் கிடக்கும் குழாய்கள்

எமது நாட்டிலும் கடலடிக் குழாய்கள் இருக்கின்றன. சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்துக்கான மசகு எண்ணெயைக் கொண்டுவரும் பெருங்கப்பல்கள் துறைமுகத்துக்குள் வருவதில்லை. கரைக்கு அப்பால் ஆழ்கடலில் கட்டப்பட்டுள்ள மிதவை ஒன்றில் நின்று, கடலடிக் குழாய் வழியாக எண்ணெயை இறக்குகின்றன. முத்துராஜவெல எரிபொருட் களஞ்சியத்துக்கும் கடலுக்கூடாகவே குழாய் வருகின்றது. கொழும்பு நகரின் கழிவுநீர் முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் உள்ள இரு நீண்ட குழாய்கள் மூலம் கடலுக்குள் விடப்படுகின்றது. வடக்கே வடமராட்சி கிழக்கில் தாளையடியில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம், நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீரை யாழ்ப்பாண மக்களுக்கு வழங்குவதற்கென அமைக்கப்பட்டது. அதற்கும் கடல்நீர் குழாய் வழியாகவே வந்து சேர வேண்டும்.

இவற்றில் ஒன்று உடைந்தால் நட்டப்படுவோர் யார்? 2018 செப்டெம்பரில் கப்பலிலிருந்து முத்துராஜவெலவுக்கு எண்ணெய் இறக்கப்பட்டபோது குழாயில் கசிவு ஏற்பட்டு, திக்கோவிட்ட, உஸ்வெட்டகெய்யாவப் பகுதிக் கரைகளில் எண்ணெய் படிந்தது. கரையோரக் காவல் படையினர் நாட்கணக்கில் அதை அள்ளி அகற்ற வேண்டியதாயிற்று. தமிழகத்தில் 2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரிக் கரையோரத்தில் மசகு எண்ணெய்க் குழாய் உடைந்தது. மீனவர்கள் கடலுக்குப் போகாமல் போராடி, அக்குழாயை அடியோடு அகற்ற வேண்டும் என்று கோரினர். இவ்விரு விபத்துக்களும் மணலரிப்பினால் நேர்ந்தவை என்று நாம் சொல்ல வரவில்லை. குழாயின் சொந்தக்காரர் யாராக இருந்தாலும், அது உடைந்தால் வலையையும் கரையையும் இழப்பவர் ஏழை மீனவரே என்பதைக் காட்டவே இவற்றைக் குறிப்பிடுகிறோம்.

அடித்தரை எப்படி அரிக்கப்படுகிறது?

கடற்கரையில் அலை திரும்பும் இடத்தில் நின்றவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தண்ணீர் பின்வாங்கும்போது குதிகாலின் கீழிருந்து மணல் நழுவும். சற்று நேரத்தில் நிற்கும் இடமே குழியாகிவிடும். கடலைக் காணாதவர்கள் ஓடையில் கிடக்கும் பெரிய கல்லைப் பார்க்கலாம். கல்லைச் சுற்றித் தண்ணீர் சுழித்து, அதன் அடியில் ஒரு பள்ளத்தைத் தோண்டியிருக்கும்.

கடலடியில் கிடக்கும் குழாயும் அந்தக் கல்லைப் போன்றதே. நீரோட்டம் குழாயில் மோதும்போது முன்பக்கத்தில் அழுத்தம் கூடுகிறது, பின்பக்கத்தில் குறைகிறது. இந்த வேறுபாட்டினால் தண்ணீர் குழாயின் கீழுள்ள மணலுக்கூடாகப் புகுந்து செல்லப் பார்க்கும். ஓர் இடத்தில் வழி கிடைத்தால் போதும். எலிவளை போல ஒரு துவாரம் உண்டாகிவிடும். ஒடுங்கிய வழியில் தண்ணீர் வேகமாக ஓடும். வேகம் கூடக் கூட மேலும் மணலை வாரிக்கொண்டு போகும். சீரான நீரோட்டத்தில் இவ்விதம் உண்டாகும் பள்ளம் குழாயின் விட்டத்தில் பாதிக்குச் சற்று மேற்பட்ட ஆழம் வரை செல்லும் என்பது ஆய்வுகூடங்களில் கண்டறியப்பட்ட விடயமாகும். அது அத்துடன் நிற்பதில்லை. குழாயின் நீளத்துக்கு இரு பக்கமும் பரவிச் செல்லும்.

இப்போது குழாய் இரண்டு மேடுகளுக்கிடையே கொடியில் போட்ட துணி போலத் தொங்குகிறது. தன் பாரத்தையும் உள்ளே ஓடும் எண்ணெயின் அல்லது நீரின் பாரத்தையும் தானே தாங்க வேண்டும். அதைவிட ஆபத்தானது வேறொன்று. தொங்கும் குழாயின் மேலும் கீழும் பாயும் தண்ணீர் மாறி மாறிச் சுழித்துச் செல்வதால் குழாய் நடுங்கத் தொடங்கும். ஒரு கம்பியை முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால் அது ஒடிவதைப் பார்த்திருக்கிறோம். குழாயும் அவ்வாறே நாட்கணக்கில், மாதக்கணக்கில் நடுங்கி, ஒட்டு வைத்த இடங்களில் வெடிப்புக் காணும். தரைக்கு மேலே எழுந்து நிற்கும் குழாயில் நங்கூரமும் இழுவை வலையும் சிக்குவதும் உண்டு.

அலாஸ்காவின் குக் நுழைகுடாவில் நடந்ததை இங்கு குறிப்பிடலாம். அங்கே வற்றுப்பெருக்கின் வேகம் மிக அதிகம். கடலடியிலிருந்த எரிவாயுக் குழாய் ஒன்று பாறை ஒன்றின் மேல் கிடந்து, நீரோட்டத்தில் அசைந்து அசைந்து தேய்ந்து துளைபட்டது. கசிவு 2017 பெப்ரவரியில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. பனிக்கட்டி காரணமாகச் சுழியோடிகள் இறங்க முடியாமல், வசந்த காலம் வரை வாயு கடலுக்குள் வெளியேறிக்கொண்டிருந்தது. மெக்சிக்கோ வளைகுடாவில் 2005இல் கத்ரீனா, ரீட்டா என்னும் இரு சூறாவளிகளால் 457 குழாய்கள் சேதமடைந்ததாக அந்நாட்டு அரசு கணக்கிட்டது. ஆண்டுக்கணக்கில் அசையாதிருக்கும் அடித்தரையை ஒரு சூறாவளி ஓரிரவில் புரட்டிவிட வல்லது.

ஆனால் எல்லா அரிப்பும் அழிவில் முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல இடங்களில் குழாய் மெல்ல மெல்லத் தான் தோண்டிய பள்ளத்துக்குள்ளேயே இறங்கும். பின்பு வரும் மணல் அதன்மேல் படிந்து அதை மூடிவிடும். கடல் தானே குழாயைப் புதைத்துப் பாதுகாக்கிறது. இதற்கு ஒரேயொரு நிபந்தனை உண்டு. படிவதற்கு மணல் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஆற்றிலும் இதே விதி

2011 ஜூலை முதலாம் திகதி அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் யெலோஸ்டோன் ஆறு பெருக்கெடுத்திருந்தது. அந்த ஆற்றின் அடித்தரைக்குப் பல அடி கீழே எண்ணெய்க் குழாய் ஒன்று புதைக்கப்பட்டிருந்தது. வெள்ளம் அடித்தரையை அரித்துக் குழாயை வெளியே கொண்டுவந்தது. நீரோட்டத்தின் மோதலையும் அடித்துவரப்பட்ட பொருட்களின் பாரத்தையும் தாங்க முடியாமல் குழாய் முறிந்தது. ஏறத்தாழ 1,500 பீப்பாய் எண்ணெய் ஆற்றில் கலந்தது. பின்னர் குழாயை மீண்டும் பதித்தபோது, ஆற்றின் அடியில் மிக ஆழமாகத் துளையிட்டே கொண்டு சென்றார்கள்.

இதிலிருந்து நாம் அறிவது யாதெனில், வெயிற்காலத்தில் நாம் காணும் அடித்தரை வெள்ளக்காலத்து அடித்தரை அல்ல. வெள்ளம் வரும்போது ஆறு தன் படுக்கையையே தூக்கிக்கொண்டு ஓடுகிறது. வெள்ளம் வடியும்போது திரும்பவும் மணலைப் பரப்பிவிட்டுச் செல்கிறது. வெள்ளம் வடிந்த மறுநாள் போய்ப் பார்ப்பவருக்கு எல்லாம் பழையபடியே தோன்றும். இரண்டடி ஆழத்தில் புதைத்த குழாய் எப்படி வெளியே வந்தது என்று அவர் வியப்படைவார்.

மணல் எங்கே போகிறது?

கடலடியிலும் கரையிலும் உள்ள மணலில் பெரும் பங்கு ஆறுகள் கொண்டுவந்து கொடுத்ததாகும். மேற்குக் கரைக்குக் களனி கங்கையும் மா ஓயாவும் தெதுறு ஓயாவும் மணல் ஊட்டின. கட்டடத் தொழில் பெருகியதும் இந்த ஆறுகளின் வயிறு தோண்டப்பட்டது. களனி கங்கையின் அடித்தரை மணல் அகழ்வினால் தாழ்ந்து போனதால், வரட்சிக் காலங்களில் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறி வந்து, கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தலேயை அச்சுறுத்தியது. அதைத் தடுக்க ஆற்றுக்குக் குறுக்கே மணல் மூடைகளை அடுக்க வேண்டியிருந்தது. மணலை அள்ளி விற்ற நாட்டிலே, தண்ணீரைக் காப்பாற்ற மணல் மூடை அடுக்கியது வேதனையான வேடிக்கைதான்.

ஆற்று மணலுக்குப் பதிலாகக் கடல் மணலை எடுக்கலாம் என்பது ஒரு தீர்வாக முன்வைக்கப்பட்டது. முத்துராஜவெலயில் கடல் மணல் குவித்து விற்கப்பட்டும் வந்துள்ளது. ஆறுகளுக்கு இது ஓரளவு ஆறுதல் என்பதை மறுக்க முடியாது. ஆயினும் கடலும் அளவில்லாத களஞ்சியம் அல்ல. கொழும்புத் துறைமுக நகருக்காக 269 ஹெக்டயர் நிலம் கடலில் உருவாக்கப்பட்டது. 2014இல் தொடங்கி, 2015இல் இடைநிறுத்தப்பட்டு, 2016இல் மீண்டும் தொடர்ந்த அவ்வேலை 2019 ஜனவரியில் நிறைவுற்றது. அதற்கென ஏறத்தாழ 6 கோடி 50 இலட்சம் கன மீற்றர் மணல் கடலடியிலிருந்து உறிஞ்சி எடுக்கப்பட்டது. நீர்கொழும்புக் கரையோர மீனவர்கள் மீன் பெருகும் இடங்கள் அழிகின்றன என்றும் கரை அரிக்கப்படும் என்றும் கூறிப் போராடினர். குருக்களும் துறவியரும் அவர்களோடு நின்றனர். மீனவருக்கென 50 கோடி ரூபா உதவித் திட்டம் அறிவிக்கப்பட்டது. பணம் கொடுக்கலாம், தோண்டிய அடித்தரையை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

மாத்தளையின் நிலை

பலாபத்வலையைச் சுற்றியுள்ள ஓடைகள் எந்த வழியாக ஓடினாலும் இறுதியில் அம்பன் கங்கையையே சென்றடைகின்றன. அம்பன் கங்கை மகாவலியில் கலக்கிறது; மகாவலி திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. ஆகவே எமது மலையின் மணல் கிழக்குக் கரைக்குரிய மணலாகும்.

அந்த வழி இப்போது முன்போல் திறந்திருக்கவில்லை. 1976இல் பொல்கொல்லயில் மகாவலி திருப்பப்பட்டு, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியாக உக்குவெல மின்நிலையத்துக்கும், அங்கிருந்து சுது கங்கைக்கும் விடப்பட்டது. இயற்கையாகத் தனக்குரிய நீரைவிட மிக அதிகமான நீரைச் சுது கங்கை அன்றிலிருந்து சுமக்கிறது. பொல்கொல்ல நீர்த்தேக்கமோ முதல் 12 ஆண்டுகளுக்குள்ளேயே தன் கொள்ளளவில் நாற்பது வீதத்துக்கும் மேற்பட்டதை வண்டலுக்கு இழந்தது. அந்த மண் மேலேயுள்ள சரிவுகளிலிருந்து, புகையிலையும் மரக்கறியும் காப்பின்றிப் பயிரிடப்பட்ட நிலங்களிலிருந்து வந்தது. தேக்கத்தில் சுமையை இறக்கிவிட்ட தண்ணீர், கீழே செல்லும்போது புதிய சுமையைத் தேடும். அதாவது ஆற்றின் அடியையும் கரையையும் அரிக்கும். இது எல்லா அணைகளுக்கும் பொதுவான விதியாகும்.

ஆகவே எமது மாவட்டத்தில் மண் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இருக்கக் கூடாத இடத்தில் நிறைந்திருக்கிறது. சரிவில் தங்க வேண்டிய மண் நீர்த்தேக்கத்தில் கிடக்கிறது. ஆற்றில் கிடக்க வேண்டிய மணல் டிப்பர்களில் ஏறிப் போகிறது.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் இந்நிலையை எல்லோருக்கும் காட்டியது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாத்தளை உட்பட மலையக மாவட்டங்கள் மண்சரிவாலும் வெள்ளத்தாலும் பெரிதும் தாக்கப்பட்டன. நீர் வழங்கல் திட்டங்கள் பல செயலிழந்தன. சுற்றிலும் வெள்ளம் நிற்கக் குடிப்பதற்குத் தண்ணீர் இல்லாத நிலையைப் பல ஊர்கள் அனுபவித்தன.

மணல் அள்ளுபவர் யார்?

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறோம். மண்வெட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் இளைஞனை எதிரியாகக் காட்டுவது எளிது. அவன் தோட்டத்தில் வேலை இல்லாதவன், அல்லது அங்கு கிடைக்கும் சம்பளம் போதாதவன். அவனுக்குக் கிடைப்பது அன்றைய கூலி மட்டுமே. ஒரு கியூப் மணல் கட்டடம் நடக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும்போது அதன் விலை பலமடங்காகிவிடுகிறது. அந்த இலாபம் ஆற்றோரத்தில் தங்குவதில்லை. பெக்கோ இயந்திரம் வந்ததும் அவனுக்கு அந்தக் கூலியும் இல்லை.

குழாய் உடையும்போது செலவு யாருடையது? வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் கட்டும் குடும்பங்களுடையது. குடம் சுமக்கும் பெண்ணுடையது. ஆகவே மணல் இலாபமாகப் போகும் இடம் ஒன்று; நட்டமாக வந்து விழும் இடம் வேறொன்று. இந்தக் கணக்கை எந்த ஒப்பந்தகாரரும் தமது விலைப்பட்டியலில் எழுதுவதில்லை. நாமாவது எழுதி வைக்க வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்தின்படி மணல் அகழ்வதற்குப் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் தேவை. 2019 டிசம்பரில் மணலைக் கொண்டுசெல்ல அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை என அரசு தீர்மானித்தபோது, அகழ்வு கட்டுமீறிப் போனதைச் சூழல் ஆர்வலர்கள் சுட்டிக்காட்டினர். சட்டம் தாளில் இருந்தால் மட்டும் போதாது. ஆற்றங்கரையில் கண்ணும் இருக்க வேண்டும் என்பதே அதன் பாடம்.

நாம் செய்யக் கூடியவை

கடலடிக் குழாய்களைக் காப்பவர்கள் செய்வது என்ன? குழாயை அகழியில் ஆழமாகப் புதைக்கிறார்கள். அதன்மேல் கற்களைக் கொட்டுகிறார்கள், அல்லது கொங்கிறீற்றுக் கட்டிகளைக் கோத்துப் பாய்போல விரிக்கிறார்கள். தொங்கும் இடங்களுக்கு அடியில் முண்டு கொடுக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒழுங்காகச் சென்று பார்க்கிறார்கள். இவற்றில் எதுவும் எமது கிராமங்களுக்கு எட்டாதது அல்ல.

முதலாவது, குழாய் கடக்கும் இடத்தைத் தெரிவு செய்தல். ஓடை வளையும் இடம் வேண்டாம். வளைவின் வெளிப்புறக் கரை எப்போதும் அரிக்கப்படும். நேராக ஓடும் இடமும், பாறைத் தரை தெரியும் இடமும் நல்லவை. ஊரில் வயது முதிர்ந்தவர்களைக் கேட்டால் மிகப் பெரிய வெள்ளம் எதுவரை ஏறியது என்று சொல்வார்கள். அந்த அறிவு எந்த வரைபடத்திலும் கிடைக்காது.

இரண்டாவது, சிறிய ஓடைகளில் குழாயைத் தரையில் போடாமல் வெள்ள மட்டத்துக்கு மேலே கொண்டுசெல்வதே சிறந்தது. இரு கரையிலும் உறுதியான தூண் கட்டி, ஜி.ஐ. குழாயைக் கம்பியில் தாங்கச் செய்யலாம். தூண்கள் கரை விளிம்பிலிருந்து நன்கு உள்ளே தள்ளி இருக்க வேண்டும்.

மூன்றாவது, புதைத்தே ஆக வேண்டுமாயின், மணலுக்குள் அல்ல, மணலின் கீழுள்ள கெட்டித் தரைக்குள் புதைக்க வேண்டும். மேலே பெரிய கற்களைப் பரப்பி, அல்லது கம்பி வலையில் கற்களைக் கட்டி வைக்க வேண்டும். ஓடையின் அடியை மாத்திரமன்றி இரு கரைகளையும் அவ்வாறே மூட வேண்டும். குழாயை மட்டும் சுற்றிக் கொங்கிறீற்றுப் போட்டுவிட்டு விடுவது போதாது. தண்ணீருக்கு அது இன்னொரு கல். அதன் அடியையும் அரிக்கும்.

நான்காவது, குழாய்க்கு அருகில் மட்டுமன்றி, கீழ்ப்பக்கத்திலும் மணல் அள்ள விடக்கூடாது. இது பலருக்குத் தெரியாத விடயம். ஆற்றில் ஒரு குழி தோண்டினால் மேற்பக்க மணல் அதை நோக்கிச் சரிந்து இறங்கும். அந்தச் சரிவு படிப்படியாக மேல்நோக்கி ஏறி வரும். எங்கோ கீழே தோண்டுகிறார்கள் என்று நாம் வாளாவிருந்தால், சில மழைகளுக்குப் பின் அந்தக் குழி எமது குழாயின் அடிக்கு வந்து சேரும். பாலங்களின் தூண்களுக்கும் இதே கதிதான்.

ஐந்தாவது, ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்பும் சங்கத்திலிருந்து இருவர் குழாய்ப் பாதை முழுவதையும் நடந்து பார்க்க வேண்டும். கரையில் ஒரு பாறையிலோ மரத்திலோ நிறத்தால் ஓர் அடையாளம் இட்டு, அதிலிருந்து ஓடையின் அடித்தரை எவ்வளவு கீழே உள்ளது என்று வருடத்துக்கு இருமுறை அளந்து கொப்பியில் எழுதலாம். பாடசாலைப் பிள்ளைகளுக்கு இது நல்ல பயிற்சி. மூன்று வருடக் கணக்கு கையில் இருந்தால், பிரதேச செயலகத்தில் போய்ப் பேசும்போது எமது வார்த்தைக்குப் பலம் வரும்.

ஆறாவது, சரிவு நிலங்களில் கல் வரம்பு கட்டுவதும், புல் வரிசை நடுவதும், ஓடைக் கரைகளில் மூங்கிலும் கும்புக்கும் வளர்ப்பதும் பழைய அறிவுரைகளே. ஆனால் குழாயைக் காப்பதும் அவைதான். மேலே ஒரு மழையை நிலம் உறிஞ்சிக்கொண்டால், கீழே வெள்ளத்தின் வேகம் அவ்வளவுக்குக் குறையும்.

இவற்றுக்கு வெளிநாட்டு நிபுணர் தேவையில்லை. ஒரு சங்கமும், நான்கு நாள் சிரமதானமும், ஒரு கொப்பியும் போதும்.

ஊரின் குழாயாயினும் கப்பலின் எண்ணெய்க் குழாயாயினும், அதைத் தாங்குவது கீழே கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் மணல்தான். அம்மணல் எமது மலையிலிருந்து புறப்பட்டு, எத்தனையோ ஊர்களைக் கடந்து, நாம் ஒருபோதும் சந்திக்காத மீனவரின் கரை வரை செல்ல வேண்டியது. வழியில் அதைத் தடுப்பவரும் அள்ளுபவரும் ஒரு பொருளை மட்டும் எடுப்பதில்லை. இன்னொருவர் காலடியில் உள்ள தரையையும் எடுக்கிறார்கள். அடுத்த முறை ஓடையில் குழாய் உடைந்தால், புதிய குழாய் வாங்கப் பணம் சேர்ப்பதற்கு முன் எல்லோருமாக ஓடைக்குப் போய், குனிந்து அடித்தரையைப் பார்ப்போம். எமது கூட்டத்தின் முதல் தீர்மானம் அங்கேயே எழுதப்படட்டும்.